பழைய பக்கப் பெட்டியை பைக்கில் மாட்டும் முன்

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும் பைக்கிலிருந்து பக்கப் பெட்டி கழன்று விழுந்தால், பின்னால் வரும் பைக்கின் முன்சக்கரம்தான் அதில் ஏறும். அப்படி விழுந்த பெட்டிகள் பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். ஒடிவது அதை வண்டியோடு பிடித்திருக்கும் பிராக்கெட். புதுப்பேட்டையில் பழைய பெட்டி வாங்கி, பக்கத்து வெல்டிங் பட்டறையில் பிராக்கெட் அடித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அது எங்கே ஒடியும் என்று தெரிந்துகொண்டு அடிக்க வேண்டும்.

வாங்கும்போது பெட்டியின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஏபிஎஸ் அல்லது பிபி என்று பிளாஸ்டிக்கின் வகை அச்சாகியிருக்கும். ஏபிஎஸ்ஸில் விரிசல் இருந்தால் அதே பிளாஸ்டிக்கை அசிட்டோனில் கரைத்துப் பூசி ஒட்டலாம். பிபியில் பசை நிற்காது, சூடு வைத்துத்தான் உருக்கி ஒட்ட வேண்டும். பூட்டைச் சுற்றியும் போல்ட் துளைகளைச் சுற்றியும் விரிசல் ஓடியிருந்தால் வாங்காதீர்கள். மழைக்குத் தாங்குமா என்று தெரிய, உள்ளே செய்தித்தாளை விரித்து மூடி, மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

அளவெடுக்கும்போது முதல் விதி, இரண்டு பெட்டிகளும் ஹேண்டில்பாரின் நுனிகளைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. சந்தில் புகும்போது ஓட்டுபவரின் கண் ஹேண்டில்பாரை வைத்துத்தான் இடைவெளியை அளக்கும். சைலென்சருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கும் நடுவே குறைந்தது 50 மில்லிமீட்டர் காற்றோட்டம் விட்டு, ஒரு தகரத் தடுப்பும் வையுங்கள். அடுத்து, பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஷாக் அப்சார்பர் இரண்டின் கீழ் போல்ட்டையும் கழற்றிவிட்டு, சக்கரத்தை அது போகும் மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். நின்ற பைக்கில் நன்றாகத் தெரியும் இடைவெளி, பள்ளத்தில் விழும்போது இருக்காது.

இனி பிராக்கெட். பலரும் எடுப்பது 25க்கு 5 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை. அதைச் செங்குத்தாக நிறுத்தினால், படுக்கவைத்த பட்டையைவிட 25 மடங்கு விறைப்பாக நின்று பாரத்தைத் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் வாலாட்டும். அந்த ஆட்டம்தான் வெல்டின் ஓரத்தில் மயிரிழை விரிசலைத் தொடங்கி வைக்கிறது. அதனால் 20 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் தடிமனில் எடுங்கள். மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும், எந்தப் பக்கமும் ஒரே விறைப்பு. குழாயின் முனையைச் சுத்தியலால் தட்டி நசுக்கித் துளை போடும் வழக்கத்தை விட வேண்டும், நசுங்கல் தொடங்கும் இடத்தில்தான் ஒடியும். முனையில் 5 மில்லிமீட்டர் தகட்டுக் காது வைத்து வெல்ட் செய்யுங்கள்.

ஒவ்வொரு பக்கமும் மூன்று பிடி வேண்டும்: கைப்பிடிக் கம்பியின் போல்ட், பின் மட்கார்டு போல்ட், பின்னிருக்கைக் கால்மிதியின் தாங்கி. அத்தோடு நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இடது வலது பிராக்கெட்டுகளை ஒரு குறுக்குக் குழாயால் கட்ட வேண்டும். எதை விட்டாலும் இதை விடாதீர்கள். குறுக்குக் கட்டு இல்லாத பிராக்கெட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஆடும்.

பிராக்கெட் தடிமன் கூடியதால் பழைய போல்ட் குட்டையாகிவிடும். 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் மரையில் குறைந்தது 8 மில்லிமீட்டராவது ஏற வேண்டும். 8.8 என்று வலிமைத் தரம் தலையில் பொறித்ததையே வாங்குங்கள், 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். இடைவெளியை நிரப்ப வாஷர்களை அடுக்காமல், லேத்தில் ஒரே துண்டாகப் புஷ் (குட்டைக் குழாய்) வெட்டி வாங்குங்கள். சைலென்சர் அருகே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு வேண்டாம், சூட்டில் நைலான் பிடி விட்டுவிடும். அங்கே இரட்டை நட்டு. திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட்டுகளின் அதிர்வுக்கு இது இன்னும் முக்கியம்.

பைக்கின் ஃபிரேமில் எதையும் வெல்ட் செய்யாதீர்கள். சூடு பட்ட இடம் பலவீனமாகி ஃபிரேமே விரிசல் விடும். பிராக்கெட்டின் துண்டுகளை பைக்கில் வைத்து, அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கும் புள்ளி வெல்ட் மட்டும் போட்டு, கழற்றிக் கீழே வைத்து முழு வெல்ட் போடுங்கள். புள்ளி வெல்டுக்கு முன் பெட்ரோல் டேங்கை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கழற்றாவிட்டால், 2020க்குப் பிந்தைய பிஎஸ்6 (புகை விதி) வண்டிகளின் கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் பிராக்கெட்டிலேயே இருக்கட்டும், சக்கர பேரிங் வழியாக மின்சாரம் பாயக் கூடாது. துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் என்றால் வெல்ட் படும் இடத்தில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

காசிமேட்டுக் கடற்காற்றில் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். முனைகளை அடைத்து, தாழ்ந்த இடத்தில் 4 மில்லிமீட்டர் வடிகால் துளை போடுங்கள். மேலே துத்தநாக பிரைமர், பிறகு பெயின்ட்.

இடது பக்கம் பெட்டி வைக்க இடமில்லை என்று சேலை கார்டைக் கழற்றி எறிகிறார்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு கேட்கிறது. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கினால் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உயிர் போகும். கார்டு வெளியே தெரியாமல் பெட்டிக்கு உள்பக்கமாகவாவது அது இருந்தே ஆக வேண்டும். இண்டிகேட்டர் மறைந்தால் அதைப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள்.

ஒரு பக்கத்துக்கு 5 கிலோவோடு நிறுத்துங்கள், கனமானது அடியில். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள். பிறகு மாதம் ஒருமுறை வெல்டின் ஓரங்களைத் துடைத்துப் பாருங்கள். பெயின்டில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் உள்ளே விரிசல் தொடங்கிவிட்டது. அன்றே பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பிராக்கெட்டை மட்டும் பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.