குப்பைக் கிடங்கை விரிவாக்கும் முன் மழையைக் கணக்குப் போடுங்கள்

ஒரு ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 33 லாரிக்கு மேல் வரும். அந்த ஏக்கர் முழுவதும் மூடாத குப்பையாக இருந்தால், அந்த நீரில் கணிசமான பங்கு உள்ளே இறங்கி, கருத்து நாறும் கசிவுநீராக வெளியே வரும். குப்பைக் கிடங்குகளில் பொறியாளராக வேலை செய்கிறேன். கிடங்கை விரிவாக்கப் போகிறோம் என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

விரிவாக்கம் என்றதும் எல்லோரும் புதிய குழியைப் பற்றியே பேசுகிறார்கள். 90 செ.மீ. களிமண், அதன் மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள எச்.டி.பி.இ. என்னும் அடர்ந்த பிளாஸ்டிக் விரிப்பு, இதெல்லாம் விதியிலேயே இருப்பதால் டெண்டரிலும் வந்துவிடும். ஆனால் பழைய மேட்டிலிருந்து புதிய குழிக்கு மாறும் அந்தச் சில மாதங்கள் எப்படி ஓடும் என்பதை எழுதி வைப்பவர்கள் குறைவு. பழையதை இன்னும் மூடியிருக்க மாட்டார்கள், புதியதைத் திறந்திருப்பார்கள். மழையில் நனையும் குப்பையின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அந்த நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும்.

ஓர் ஊரில் இதை நேரிலேயே பார்த்தேன். புதிய குழிக்குப் போகும் பாதையைப் பழைய மேட்டின் மீதே போட்டிருந்தார்கள். "சார், மழை பெஞ்சா மேல ஏறின வண்டி இறங்காது" என்று ஒரு லாரி ஓட்டுநர் முன்கூட்டியே சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. முதல் பெருமழையில் இரண்டு டிப்பர்கள் புதைந்தன. பின்னால் வந்தவர்கள் வேறு வழியில்லாமல் பாதையோரத்திலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் குப்பை மழைநீர்க் கால்வாயை அடைத்தது. கசிவுநீர் பக்கத்து வயலுக்குள் இறங்கியது. அந்த வயல்காரரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மழைக்கு முன் 40 முதல் 65 செ.மீ. மண்ணால் குப்பையின் மேல் இடைமூடாக்கு போட வேண்டும் என்பது இந்தியாவின் 2000-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே உண்டு. 2016 விதிகளிலும் தொடர்ந்தது. செப்டம்பர் முடிவதற்குள் அது முடிந்திருக்க வேண்டும். அதற்கான மண்ணை ஜூன் மாதமே கொண்டுவந்து குவித்துவிடுங்கள், அக்டோபரில் தேடினால் கிடைக்காது. கட்டட இடிபாடுகளைப் புதைத்து வீணாக்காமல் உடைத்துப் பாதைக்குப் போடலாம். புதிய குழியை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். நடுவே மண்கரை கட்டி ஒரு பகுதியில் மட்டும் கொட்டினால், மறுபகுதியில் தேங்குவது வெறும் மழைநீர். அதை அப்படியே இறைத்து வெளியே விடலாம். குப்பை பட்ட நீரைத்தான் சுத்திகரிக்க வேண்டியிருக்கும். அன்றன்று கொட்டும் இடத்தையும் எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்குங்கள்.

"புதிய குழி தயாராகும்வரை பழைய மேட்டிலேயே இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அடியில் இருந்தது சதுப்பு மண். மேலே ஏற்றிய பாரத்தை அது தாங்கவில்லை. சென்னையின் பெருங்குடிக் கிடங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பில்தான் வளர்ந்தது. மேட்டில் வெடிப்பு தெரிந்தாலோ, அடிவாரத்து நிலம் உப்பினாலோ, அன்றே மேலே வண்டி ஏறுவதை நிறுத்திவிட்டு ஆட்களை விலக்குங்கள்.

அப்புறம், கிடங்கில் குப்பை பொறுக்கி வாழ்பவர்கள். எந்த மூலையில் புகை வருகிறது, எங்கே கால் புதைகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. விரிவாக்கத்தால் முதலில் பிழைப்பை இழப்பவர்களும் அவர்களே. வரைபடத்தோடு போய் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், தரம் பிரிக்கும் கொட்டகையில் அவர்களுக்கு இடம் ஒதுக்குங்கள்.

முன்பு சொன்ன ஊரில் மறுவருடம் பாதையை மேட்டைச் சுற்றிக் கொண்டுபோனோம். எங்கே வளைக்க வேண்டும் என்று சொன்னவர் அதே ஓட்டுநர்தான்.