சிக்னிஃபிகன்ட் என்றால் ‘குறிப்பிடத்தக்க’ என்பதா?

பிசா போன்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீடுகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரு தொடரைப் போடுகிறார்கள்: ‘இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.’ படிப்பவருக்கு என்ன தோன்றும்? வேறுபாடு உண்டு, ஆனால் சின்னது, விட்டுவிடலாம் என்றுதான். மூல அறிக்கையில் இருப்பது ‘சிக்னிஃபிகன்ட்’ என்ற புள்ளியியல் சொல். அது அப்படிச் சொல்லவே இல்லை.

சிக்னிஃபிகன்ட் இலத்தீன் வழி வந்த சொல். சிக்னம் என்றால் அடையாளம். ஒன்றை உணர்த்துவது என்பது வேர்ப்பொருள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புள்ளியியல் அறிஞர் எட்ஜ்வர்த் அதைப் புள்ளியியலில் கையாண்டதும் அந்தப் பொருளில்தான்: இந்த வேறுபாடு எதையாவது உணர்த்துகிறதா, வெறும் தற்செயலா?

இதற்கு அளவுகோல் ஸ்டாண்டர்ட் எரர். நம் பாடநூல்களில் திட்டப்பிழை, இலங்கையில் நியம வழு. இரண்டுமே சரி. ‘தரப் பிழை’ மட்டும் வேண்டாம்; தேர்வின் தரத்திலேயே கோளாறு என்று படிக்கத் தோன்றும். பிழை என்றால் தவறுதானே என்று தயங்க வேண்டியதில்லை. ‘யானை பிழைத்த வேல்’ என்கிறது குறள் (772). அங்கே பிழைத்தல் குறி தப்புவது. ஒரு நாட்டின் 15 வயது மாணவர் எல்லாரையும் பிசா சோதிப்பதில்லை. முதலில் பள்ளிகள், அப்புறம் அவற்றுக்குள் மாணவர்கள் என்று சில ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுக்கிறது. வேறு மாணவர்கள் அமைந்திருந்தால் சராசரி சற்றுத் தள்ளி விழுந்திருக்கும். பொதுவாக எவ்வளவு தள்ளி விழும் என்பதே திட்டப்பிழை. ஒரே பள்ளிப் பிள்ளைகள் பல வகையில் ஒத்திருப்பார்கள் என்பதால் எளிய சூத்திரம் போட்டால் இது குறைவாக வந்துவிடும். அதனால் மாணவர்களுக்குக் கணக்கில் தரும் எடையை மாற்றி மாற்றி அமைத்த 80 தொகுதிகளை வைத்துப் பிசா திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது.

தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்ற ‘பிசா 2009 பிளஸ்’ சுற்றையே பார்ப்போம். வாசிப்பில் தமிழ்நாடு 337, இமாச்சலம் 317, கிர்கிஸ்தான் 314. பின்னிரண்டின் திட்டப்பிழைகளை வசதிக்காக 4, 3 என்று கொள்வோம். வர்க்கங்களைக் கூட்டினால் 25, அதன் வர்க்கமூலம் 5. அதை 1.96ஆல் பெருக்கினால் 9.8. (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இதைத் தாண்டும் வாய்ப்பு 5 விழுக்காடுதான் என்ற வரம்புக்குரிய எண் 1.96.) வேறுபாடு இதைத் தாண்டினால்தான் ஏதாவது சொல்லலாம். இங்கே இருப்பதோ 3. ஆக, இமாச்சலம் முந்தியது என்றும் சொல்ல முடியாது, இரண்டும் சமம் என்றும் சொல்ல முடியாது. அறிவியலில் இதே இரண்டும் இடம் மாறி நின்றன. ஆனால் செய்தியில் வந்தது தமிழ்நாடு 72ஆம் இடம், இமாச்சலம் 73ஆம் இடம் என்ற வரிசைதான்.

‘குறிப்பிடத்தக்க’ இந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஏமாற்றுகிறது. கூறு, அதாவது சோதிக்கத் தேர்ந்தெடுத்த மாணவர் தொகுதி, மிகப் பெரிதாக இருந்தால் 2 புள்ளி வேறுபாடுகூட மேலே போட்ட கணக்குச் சோதனையில் தேறிவிடும். அதைக் குறிப்பிடத்தக்கது என்றால் வாசகர் பெரிய முன்னேற்றம் என்று நம்புவார். கூறு சிறிதாக இருந்தால் 20 புள்ளிகூடத் தேறாது. குறிப்பிடத்தக்கதல்ல என்றால் அற்பம் என்று ஒதுக்குவார். இந்தச் சொல் பேசுவது அளவை. சோதனை பேசுவது சான்றை. ஏற்கெனவே ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’, ‘குறிப்பிடத்தக்க பங்களிப்பு’ என்று மேடைக்கு மேடை தேய்ந்த சொல் வேறு. அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தப் பத்திக்கு மேலுள்ள அட்டவணையை ஒருமுறை பார்த்திருந்தாலே போதும், கை தயங்கியிருக்கும்.

இந்தச் சோதனைக்குப் பாடநூல்கள் தரும் ‘மிகைகாண் சோதனை’ கலைச்சொல்லாக நிலைத்திருக்கிறது என்பார்கள். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், அவ்வளவுதான். மிகை என்றால் வேண்டியதற்கு மேல். மிகைப்படுத்துதல் என்றால் ஊதிச் சொல்வது. எது எதைவிட மிகை என்பது அந்தச் சொல்லில் இல்லை.

‘பொருள்படு வேறுபாடு’ என்பது என் பரிந்துரை. ‘என்று பொருள்படும்’ என நாம் தினமும் எழுதுவதுதான். உணர்த்துதல் என்ற மூலக் கருத்தும் அப்படியே வருகிறது. 5 விழுக்காட்டு வரம்பைப் ‘பொருள்படு நிலை’ எனலாம். பொருள் என்றால் பண்டமும் ஆகுமே என்பவர்களுக்கு: ‘படு’ சேர்ந்த பிறகு யாரும் பண்டத்தை நினைப்பதில்லை. கலைச்சொல்லே வேண்டாம் என்ற நாளிதழ்ப் பத்தியில் ‘தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வேறுபாடு’ என்று நீட்டி எழுதலாம். மூன்று சொல் கூடுதலாகும், ஆனால் வாசகர் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்.