ஆயா காலத்து ஓலையும் ஆசாரியின் லென்ஸும்

தர்மபுரியில் இருக்கும் எங்கள் சித்தியிடம் ஒரு ஜோடி ஏழுகல் கெம்பு ஓலை உண்டு. காதில் போடுவது, கெம்பு என்றால் சிவப்பு மாணிக்கக் கல். "இருநூறு வருஷத்து நகை, எங்க ஆயாவோட ஆயா போட்டது" என்பார். வீட்டில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. திருகாணி தேய்ந்துவிட்டது என்று ஆசாரியிடம் கொண்டுபோனோம். அவர் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு, ஓலையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தங்கம் நல்ல தங்கம்தாங்க அக்கா. கல்லுதான் மண்ணுல வெளஞ்சது இல்லீங்க" என்றார். சித்திக்கு முகமே வாடிவிட்டது.

தங்கம் நல்லதா என்பது ஒரு கேள்வி, நகை பழையதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு உரைகல்லே போதும். கறுப்புக் கல்லில் நகையால் ஒரு கோடு, பக்கத்தில் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், தெரிந்த ஆணியால் ஒரு கோடு. இரண்டின் மீதும் அமிலம் வைத்தால் செம்பும் வெள்ளியும் கரையும், தங்கம் நிற்கும். கடைகளில் உள்ள எக்ஸ்ரே இயந்திரம் அணுக்களைச் சீண்டி, அவை திருப்பி உமிழும் கதிரைக் கொண்டு எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். ஆனால் அது மேல்தோலை மட்டும் பார்க்கிற இயந்திரம். கனமான முலாம் பூசியிருந்தால் ஏமாந்துபோகும்.

வயதைக் கேட்டால் இரண்டுமே வாய் திறக்காது. தங்கம் துருப்பிடிக்காது. எத்தனை முறை உருக்கினாலும் புதிதாகவே இருக்கும். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் கோலாரில் 2001 வரை தோண்டிய தங்கம் பாறையில் படிந்து 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. அதில் நேற்று மோதிரம் செய்தாலும் உலோகத்தின் வயது அதுதான்! கார்பனை வைத்து வயது கணிக்கும் முறையும் இங்கே உதவாது, தங்கத்தில் கார்பன் கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்களே, அதுகூட இரும்போடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த கரிமப் பொருளை ஆராய்ந்து சொன்னதுதான்.

அதனால் நகையில் தங்கத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும். முதலில் கல். 1902-இல் வெர்னே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினா தூளோடு கொஞ்சம் குரோமியம் சேர்த்து, 2000 டிகிரி செல்சியசுக்கும் மேல் எரியும் சுடர் வழியாகத் தூவ வேண்டும். உருகிய துளிகள் கீழே ஒரு குமிழ்போன்ற முனையில் விழுந்து படிந்து படிந்து கல் வளரும். வளர்கிற தலை வளைவாக இருப்பதால் ஒவ்வொரு படிவும் வளைவாகவே உறையும். லென்ஸில் பார்த்தால் கிராமபோன் தட்டின் வரிகள் மாதிரி வில்போல வளைந்த கோடுகள், நடுவே ஊசிமுனை அளவு காற்றுக்குமிழிகள். மண்ணில் விளைந்த மாணிக்கத்திலும் கோடு உண்டு, ஆனால் நேர்க்கோடு, முனைகளில் மடங்கியிருக்கும். வளைகோடு உள்ள கல் மண்ணில் விளைந்ததில்லை, பெரும்பாலும் 1902-க்குப் பிந்தியது.

சரி, கல் பிற்பாடு மாற்றியதாக இருந்தால்? அதற்குத்தான் கல்லைப் பதித்திருக்கும் கட்டடத்தைப் பார்ப்பது. கல்லைச் சுற்றி அழுத்திய விளிம்பை ஒருமுறை நெம்பி எடுத்திருந்தால் அந்த இடம் மட்டும் மற்ற விளிம்புகளோடு ஒத்துப்போகாது. அடுத்தது பற்றவைத்த இடம். அந்தக் காலத்தில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த தங்கப் பொடியை வைத்து ஊதி ஒட்டினார்கள். கலப்பு கூடினால் உருகும் வெப்பம் குறையும், நகை உருகுமுன் பொடி உருகிப் பிடித்துக்கொள்ளும். அதே வேலைக்குப் பின்னாளில் வந்ததுதான் காட்மியம், கடைக்காரர்கள் சொன்ன 'கேடிஎம்'. அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் கைவிட்டார்கள். 1817-இல்தான் கண்டுபிடித்த உலோகம் அது. 'திப்பு சுல்தான் காலத்து நகை' என்று விற்பவரின் சரக்கில் ஒட்டுக்குள் காட்மியம் இருந்தால், குறைந்தது அந்த ஒட்டாவது பிந்தியது.

வெள்ளி நகையில் காசு கோத்திருந்தால் வேலை பாதி முடிந்தது. லம்பாடிப் பெண்களின் நகைகளில் இது வழக்கம், நம் தர்மபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் லம்பாடி ஊர்கள் உண்டு. காசின் ஆண்டுக்கு முன்னால் அந்த நகை இருந்திருக்க முடியாது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. விக்டோரியா ராணி தலை போட்ட 1862 ரூபாயை, ஆண்டை மாற்றாமல் 1874 வரை அச்சடித்தார்கள். எடையும் கைகொடுக்கும். அசல் ரூபாய் 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். 1940-இல் வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்தார்கள்.

கறுத்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கந்தகக் கரைசலில் முக்கினால் புது வெள்ளியும் சில நிமிடங்களில் கறுத்துவிடும். தேய்மானத்தைப் பொய்யாகச் செய்வதுதான் கடினம். உண்மையில் போட்டுப் பழகிய நகை, உடம்பிலும் துணியிலும் உரசும் இடத்தில் மட்டும்தான் மழுங்கியிருக்கும்.

சித்தியின் ஓலைக்கு வருவோம். பதினான்கு கல்லிலும் வளைகோடு. விளிம்பு எதுவும் நெம்பப்படவில்லை, பின்தகடு திறந்த தடமில்லை, ஒட்டெல்லாம் பொடி ஒட்டு. "நூறு வருஷம் இருக்கலாங்க அக்கா, அதுக்கு மேல போகாது" என்றார் ஆசாரி.

சித்தி ஓலையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பேருந்து ஏறும்வரை பேசவில்லை. அப்புறம், "அப்ப எங்க ஆயா போட்டதுதான். ஆயாவோட ஆயான்னு யாரு கட்டிவிட்டாங்கன்னுதான் தெரியல" என்றார்.