ஜிப்சம் உப்பைத் தின்னாது

இந்த மாதத்தில் மண் சோதனைக்கு என்னிடம் வந்த ஆறாவது மஞ்சள் பை இது. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் மண்ணை மேசைமேல் வைத்துவிட்டு, “ரெண்டு வருஷமா ஜிப்சம் போடறேன் சார், நெல்லு எழும்பவே மாட்டேங்குது” என்றார். காய்ந்த கட்டி ஒன்றை வாலைவடிநீரில் போட்டேன். ஓரங்கள் கரைந்து புகைபோலப் பரவின. சாயங்காலம் வரை டம்ளர் தெளியவில்லை. சோடியம் ஒட்டிக் கெட்ட களர் மண். கால்சியம் உள்ள ஜிப்சம் இதற்குச் சரியான மருந்துதான். அப்புறம் ஏன் கேட்கவில்லை?

ஜிப்சம் உப்பைத் தின்றுவிடும் என்று யார் சொல்லித் தந்தார்களோ! தின்னாது. களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை அதன் கால்சியம் பிடுங்கிவிடும், அவ்வளவுதான். பிடுங்கியது வயலிலேயே நிற்கும். நல்ல தண்ணீர் கட்டி, வடிகால் வழியே வெளியேற்றினால்தான் வேலை முடியும். பெரியவர் வயலுக்கு வடிகால் இல்லை. பாய்ச்சுவதும் அதே உப்பு போர் தண்ணீர்.

இன்னொன்று. வெள்ளை பூத்ததெல்லாம் களர் இல்லை. வெறும் உப்பு மட்டும் தேங்கிய உவர் மண்ணுக்கு ஜிப்சம் வீண் செலவு. அதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல், களிமண்ணில் ஒட்டிய பரிமாற்ற சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர். இரண்டும் கலந்த மண்ணும் உண்டு.

பாலாற்றங்கரையில் இந்த உப்பு பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்பது ஊரறிந்தது. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, தோல் ஆலையில் ஊறவைக்கும்போதே தண்ணீரில் இறங்கிவிடும். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-ல். இன்றும் எல்லோரும் தோல் பதனிடப் போடும் குரோமியத்தைப் பற்றியே கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் மண்ணின் துளைகளை அடைப்பது இந்தச் சாதாரண உப்பு. துளை அடைந்தால் வேருக்கு மூச்சில்லை, மண்புழு தங்காது. மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஏரிக்கு ஓடும். ஏரி தூர்ந்துபோகும், கிணறு ஊறாது. ஒரு வயலோடு நிற்கிற நோய் இல்லை இது.

தயவுசெய்து, மூட்டை வாங்கும் முன் மண்ணைச் சோதியுங்கள். வரப்போரத்திலும் எருக்குவியல் பக்கத்திலும் எடுக்காதீர்கள். ‘வி’ போல அரையடி ஆழம் வெட்டி ஓரத்தைச் சீவுங்கள். பத்து இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ போதும். பாய்ச்சும் தண்ணீரும் வேண்டும்: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிப் பிடியுங்கள். தண்ணீர் இல்லாமல் வரும் மண் எனக்குப் பாதிக் கதைதான். வடிகாலைப் பக்கத்துக்காரர் நிலத்தில் கொண்டுபோய் விடாதீர்கள்.

பெரியவரை முதலில் வடிகால் வெட்டச் சொன்னேன். மழைக்கு முன் ஜிப்சம், உப்பு கழுவிப் போனதும் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு. போர் தண்ணீரை நாளைக்கே பாட்டிலில் கொண்டுவருகிறேன் என்றார்.