ஒரு திரை, இரண்டு கணினி: கேவிஎம் வாங்கப் போகிறீர்களா?

அலுவலக மடிக்கணினி, வீட்டுக் கணினி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெரிய மானிட்டர். கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் இன்று பலருடைய மேசை இப்படித்தான் இருக்கிறது. இதற்காகப் புக்கிட் பிந்தாங் போய், பிளாசா லோ யாட்டில் கண்ணில் பட்ட கேவிஎம் பெட்டியை (ஒரே திரை, விசைப்பலகை, சுட்டியை இரண்டு கணினிகளுக்கும் மாற்றிக் கொடுக்கும் சுவிட்ச்) வாங்குவதற்கு முன் மானிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்பிளேபோர்ட் ஒன்று எனப் படக் கேபிள் செருகும் இரண்டு வாசல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆளுக்கொரு வாசலில் இரண்டு கணினிகளையும் இணைத்து, மானிட்டர் மெனுவில் இன்புட்டை மாற்றினால் போதும். விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் சாதாரண யூஎஸ்பி சுவிட்ச் வாங்குங்கள். படம் அதன் வழியாகப் போகாததால் தரம் குறைய வழியே இல்லை. எங்கள் முதல் பரிந்துரை எப்போதும் இதுதான்.

சில மானிட்டர்களுக்குள்ளேயே கேவிஎம் உண்டு. மடிக்கணினிக்கு யூஎஸ்பி-சி கேபிள் ஒன்றே படத்தையும் விசைப்பலகையையும் கொண்டுபோகும். மேசைக்கணினிக்கு அப்படியல்ல. படக் கேபிளோடு, சதுர முனையுள்ள யூஎஸ்பி-பி கேபிளும் வேண்டும். இதை மாட்டாமல் விட்டால் படம் வரும், விசைப்பலகை வேலை செய்யாது. பழுதென்று நினைத்து மானிட்டரைக் கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். மடிக்கணினிகளின் யூஎஸ்பி-சி வாசல்களில் சில படம் அனுப்பாது என்பதையும் கவனியுங்கள்.

தனிக் கேவிஎம்தான் வேண்டுமென்றால், பெட்டியில் '4கே' என்று மட்டும் போட்டிருப்பதை நம்பாதீர்கள். '4கே 60 ஹெர்ட்ஸ்', அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும் என்று இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4-இன் வேகம் நொடிக்கு 10.2 கிகாபிட், அதில் 4கே படம் வழக்கமாக 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், சுட்டியின் அம்பு விட்டுவிட்டு நகரும். 60-க்கு 18 கிகாபிட் தரும் எச்டிஎம்ஐ 2.0 தேவை. கணினியின் வாசல், இரண்டு கேபிள்கள், சுவிட்ச், மானிட்டரின் வாசல் ஆகியவற்றில் ஒன்று பழையதானாலும் மொத்தமும் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு கேபிளும் 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது. நீளம் கூடினால் திரை இடையிடையே கறுத்துப்போகும்.

கணினியை மாற்றும்போதெல்லாம் திரையில் திறந்திருந்த சன்னல்கள் (விண்டோக்கள்) இடம் மாறிக் குவிகின்றனவா? மானிட்டரைக் கழற்றிவிட்டதாகக் கணினி நினைக்கிறது. திரையின் அடையாளத் தகவலைத் தானே கணினிக்குத் தொடர்ந்து சொல்லும், ஈடிஐடி எமுலேஷன் உள்ள கேவிஎம் இதைத் தீர்க்கும். விலை கூடுதல்தான், நாளெல்லாம் மாறி மாறி வேலை செய்பவருக்கு அது வீண்செலவல்ல.

இரண்டு கணினிகளின் படங்களையும் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகக் காட்டும் வசதி அகலத்திரைக்கே பொருந்தும். 3440×1440 பிக்சல் திரையில் ஒவ்வொன்றுக்கும் 1720×1440 கிடைக்கும். சாதாரண 27 அங்குலத்தில் நெருக்கடிதான்.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கேவிஎம்மில் செருகிய பென்டிரைவ், பொத்தானை அழுத்தியதும் அலுவலகக் கணினிக்குத் தாவிவிடும். வீட்டில் இருந்த வைரஸும் கூடவே போகலாம். கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் அந்தக் கோப்பு கெடும், சில நேரம் டிஸ்க்கையே திறக்க முடியாமல் போகும். கேவிஎம்மில் விசைப்பலகையும் சுட்டியும் மட்டும் இருக்கட்டும். பென்டிரைவையும் வெளி டிஸ்க்கையும் அந்தந்தக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள்.