பிரேக் ஆயிலுக்குள் பெய்த மழை

சில வருடங்களுக்கு முன், வைகுண்ட ஏகாதசிக்கு மன்னார்குடியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் காரில் கிளம்பினோம். நள்ளிரவு தாண்டியிருந்தது, தூறல் விடவில்லை. வண்டிக்குள் ஆறு பேர், நனைந்த குடை இரண்டு, ஈரத்துண்டு ஒன்று. குளிர்கிறது என்று அம்மா சொன்னதால் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றினேன். நீடாமங்கலம் வருவதற்குள் முன்கண்ணாடி பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. ஒரு கையால் துண்டை எடுத்துத் துடைப்பேன், அடுத்த வளைவுக்குள் மறுபடி வெளுக்கும். "கண்ணாடியத் தொடைக்கப் போறியா, வண்டிய ஓட்டப் போறியா? ஏதாவது ஒண்ணச் செய்யி" என்றார் அம்மா. ஓரமாக நிறுத்திவிட்டேன்.

குளிர்காலத்துக்கு வண்டியைத் தயார் செய்வது என்றால் கனடாவிலோ நார்வேயிலோ பனிக்கான டயர் மாட்டுவார்கள், ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நம்முடைய குளிர்காலம் குளிரால் ஆனது அல்ல, ஈரத்தால் ஆனது. அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால், ஐப்பசி அடைமழை, கார்த்திகைப் புயல், மார்கழிப் பனி என்று வண்டி காய்வதற்கே நேரம் கிடைக்காது. சர்வீஸுக்கு விட்டால் என்ஜின் ஆயில் மாற்றி, கழுவித் துடைத்துத் தந்துவிடுகிறார்கள். ஈரம் எந்த வழியாக உள்ளே போகிறது, போய் என்ன செய்கிறது என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

முதலில் அந்தக் கண்ணாடி. காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைச் சுமக்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். ஆறு பேரின் மூச்சும் வியர்வையும், நனைந்த குடையும் சேர்ந்து வண்டிக்குள் இருக்கும் காற்றை ஈரமாக்குகின்றன. அந்தக் காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும், தாங்க முடியாத மிச்சத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. துணியால் துடைப்பது படிந்த நீரை மட்டும்தான் எடுக்கும். காற்றில் இருக்கும் நீர் அப்படியே காத்திருக்கிறது.

அன்றைக்கு நான் ஏசியை அணைத்ததுதான் தப்பு. ஏசிக்குள் ஏறக்குறைய உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர்ந்திருக்கும் ஒரு தகடு உண்டு. அதன் மேல் படும்போது காற்றில் உள்ள நீர் அங்கேயே சொட்டிவிடும். நிறுத்திய காருக்கடியில் ஒழுகும் தண்ணீர் அதுதான். குளிராக இருந்தால் ஏசியைப் போட்டுவிட்டு வெப்பக் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பலாம். முதலில் பிழியப்பட்ட காற்று, பிறகு என்ஜின் சூட்டில் வெதுவெதுப்பாகி, காய்ந்த காற்றாகக் கண்ணாடியில் வந்து மோதும். அம்மாவுக்கும் குளிராது. கூடவே, வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பட்டனை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். மழை பெய்யும்போது வெளிக்காற்றை விட்டால் ஈரம் கூடாதா என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான சந்தேகம். ஆனால் வெளியே 22 டிகிரி என்றால், மழைக்காற்றே ஆனாலும் கனமீட்டருக்குச் சுமார் 19 கிராமுக்கு மேல் அதில் நீராவி இருக்க முடியாது. ஆறு பேர் மூச்சுவிடும் உள்காற்று 27 டிகிரியில் 25 கிராமைத் தொடக்கூடும்.

இதற்கு நேர் எதிரான வெண்மையும் உண்டு. புழுக்கமான கார்த்திகை மாலையில் ஏசியை முழு வேகத்தில் வைத்தால், உள்ளே சில்லிட்ட கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பனி படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒரு தடவை ஓட்டி, ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். எந்தப் பக்கம் என்று தெரிய விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தால் போதும்.

கண்ணாடியின் உள்பக்கத்தை யாரும் கழுவுவதில்லை. சித்திரை வெயிலில் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகி வரும் எண்ணெய்ப்பசை அங்கே மெல்லியதாகப் படிந்திருக்கும். அழுக்குக் கண்ணாடியில் நீர் முத்து முத்தாக நிற்கும். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கொளி அந்த முத்துகளில் பட்டுச் சிதறிக் கண்ணைக் கட்டும். சுத்தமான கண்ணாடியில் அதே நீர் படலமாகப் பரவிவிடும், ஓரளவு ஊடுருவிப் பார்க்கலாம். சோப்புத் தண்ணீரும் பழைய செய்தித்தாளும் போதும். வெளிப்பக்கத்து வைப்பர் ரப்பரை வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் கல்லாக்கிவிடுகின்றன. ஒவ்வொரு வீச்சிலும் அதன் நுனி திரும்பிப் படுக்க வேண்டும். கெட்டியான ரப்பர் படுக்காது, தடதடவென்று துள்ளும். மழை தொடங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தால், முதல் மழையிலேயே வயல்வெளிப் பூச்சிகளை அரைத்துக் கண்ணாடி முழுக்கப் பூசிவிடும்.

இப்போது, என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் அதிகம் மறக்கப்படும் விஷயம்: பிரேக் ஆயில். பேர்தான் ஆயில். அதில் எண்ணெய் கிடையாது. சாதாரண எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். அதற்கு ஒரு குணம்: ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மாதத்தில் உப்பு ஜாடி என்ன ஆகிறது என்று சமையலறையில் பார்த்திருப்பீர்கள். மூடித்தான் வைத்திருப்போம், ஆனாலும் கசிந்துவிடும். பிரேக் திரவமும் அப்படித்தான். மூடியின் சின்ன மூச்சுத்துளை வழியாகவும், ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஈரத்தை இழுக்கும் திரவத்தை எதற்காகப் பிரேக்கில் ஊற்றுகிறார்கள்? நீர் எப்படியும் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். திரவம் அதைக் கரைத்துக்கொள்ளாவிட்டால், நீர் தனியாகப் பிரிந்து தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். தாழ்வான இடம் எது? சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் பிஸ்டன். அங்கேதான் சூடும் அதிகம். தேங்கிய நீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், 100 டிகிரியில் கொதித்தும் விடும். அதனால் கரைத்துப் பரப்பிவிடுவதே மேல் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை, மொத்தத் திரவத்தின் கொதிநிலையும் மெல்ல மெல்ல இறங்குவது. டப்பாவில் டாட் 4 என்று போட்டிருந்தால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205 டிகிரி 140 ஆக இறங்கிவிடும்.

சரி, மேடு பள்ளமே இல்லாத நம் ஊரில் பிரேக் எங்கே அவ்வளவு சூடாகப் போகிறது? உண்மைதான். கும்பகோணம் சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் தெரியாது. அதனால்தான் யாரும் மாற்றுவதில்லை. பொங்கல் விடுமுறையில் அதே வண்டியை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போகிறோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால், டிஸ்க் கொதிக்கும். அந்தச் சூடு திரவத்துக்கு ஏறும். டெல்டாவில் நாலைந்து மழைக்காலமாகக் குடித்த நீர் அங்கே ஆவியாகும். திரவத்தை அமுக்கினால் சுருங்காது, அதனால்தான் காலின் அழுத்தம் சக்கரம் வரைக்கும் போகிறது. ஆவியோ பஞ்சு மாதிரி அமுங்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. கொஞ்ச நேரம் ஆறினால் ஆவி மறுபடி நீராகி, பிரேக் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்யும். மெக்கானிக்கிடம் காட்டினால் "நல்லாத்தானே இருக்கு" என்பார்.

வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றச் சொல்வார்கள். குறைந்ததை நிரப்புவது மாற்றுவது ஆகாது, பழைய ஈரம் குழாயிலேயே இருக்கும். மாற்றும்போது சீல் உடைக்காத டப்பாவைக் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த அரை டப்பா, ஒரு கார்த்திகையை ஏற்கெனவே பார்த்த டப்பா.

டயருக்கு வருவோம். சாலையில் தேங்கிய நீரை டயர் அதன் பள்ளங்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. தள்ளுகிற வேகத்தைவிட வண்டி வேகமாகப் போனால், முன்னால் நீர் ஆப்பு போலக் குவிந்து டயரைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டியரிங் வெண்ணெயில் திருப்பியது போல லேசாகிவிடும். விமானச் சக்கரங்கள் ஓடுபாதையில் இப்படி மிதப்பதை 1960களில் ஆராய்ந்த நாசாவினர் ஒரு கணக்குச் சொன்னார்கள்: டயரின் காற்றழுத்தத்துடைய வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் மிதக்கும் வேகம் நாட் அளவில் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) கிடைக்கும். 32 பிஎஸ்ஐ என்றால் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். காற்று 24க்கு இறங்கினால் சுமார் 82. காருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. பள்ளம் தேய்ந்த டயர் நிறையத் தண்ணீரில் இதற்கும் முன்பே மிதக்கலாம். ஆனால் காற்று குறைந்தால் ஆபத்து முன்னால் வருகிறது என்பது புரியும். இன்னொன்று, மதிய வெயிலில் ஓட்டி வந்து பங்க்கில் 32 பிடித்த டயர், மார்கழி விடியலில் இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் தானாகவே குறைந்து நிற்கும். காற்று வெளியே போகவில்லை, குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. அதனால் காலையில், வண்டி ஆறியிருக்கும்போதே பார்க்க வேண்டும்.

பள்ளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் சட்டப்படியே அதன் ஆயுள் முடிந்தது. நம் பக்கம் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது என்பேன். நடவு சமயத்தில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறி, சாலையில் இழுத்துவிட்டுப் போகும் களிமண்ணில் தூறல் விழுந்தால் அது சாலையே அல்ல.

பேட்டரியைக் கொல்வது கோடை வெயில், பழி விழுவது மார்கழி மேல். வெயிலில் வலுவிழந்தது, விளக்கு, வைப்பர், ஏசி எல்லாம் ஒன்றாகக் கேட்கும்போது கை விரிக்கும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் நம் ஊருக்கு எதற்கு என்று போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது உறையாமல் இருக்க மட்டும் இல்லை, கொதிநிலையை உயர்த்தவும் துருவைத் தடுக்கவும்தான். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கார்க் கதவு நீர் புகாதது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழை கதவுக்குள் போகும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். உள்ளே போன நீர் வெளியேற அடியில் சின்னத் துளைகள் உண்டு. புழுதியும் சேறும் அவற்றை அடைத்துக்கொண்டால் கதவைச் சாத்தும்போது களக் களக் என்று சத்தம் கேட்கும். அப்புறம் துரு. ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் தீர்ந்தது. இதேபோல் வைப்பருக்குக் கீழே பிளாஸ்டிக் சல்லடைக்குள் ஒரு வாய்க்காலும் அதற்கு வடிகாலும் இருக்கின்றன. ஸ்ரீரங்கம் போய் வந்த மறுவாரம் மெக்கானிக் எங்கள் வண்டியில் அதைத் திறந்தார். கைநிறைய மட்கிய வேப்பிலை. வடியாத மழைநீர் காற்று இழுக்கும் வழியில் வழிந்து, இடதுபக்கத்துக் கால்மிதியின் அடியை ஊற வைத்திருந்தது. அன்றைக்குக் கண்ணாடியை வெளுக்க வைத்ததில் ஆறு பேர் மூச்சோடு இந்த ஈரத்துக்கும் பங்கு இருந்திருக்கிறது.

அடைமழையில் நாலு நாள் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். பின்சக்கர டிரம்மில் கட்டையும் இரும்பும் துருவால் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் அண்டை கொடுத்தால் போதும்.

அப்படி நிறுத்திய வண்டியில் வேறு விருந்தாளி வரலாம். சம்பா வயலில் தண்ணீர் ஏறினால் வரப்பு வளையில் இருக்கும் எலி மேட்டுக்கு வரும். காய்ந்த இடம், ஆறாத என்ஜின் சூடு, கடிக்க ஒயர். ஏர் ஃபில்டர் டப்பாவை மெக்கானிக் திறந்ததும் அதற்காகத்தான். அந்த வழியாகத்தான் என்ஜின் மூச்சுவிடுகிறது. தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் இறங்கினால் அந்த மூச்சோடு நீரும் போகும். நீரை அமுக்க முடியாது என்பதால் என்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது இதனால்தான். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே மூடியைத் தூக்கியவர் சிரித்துவிட்டார். உள்ளே வைக்கோல் மெத்தை, ஓரத்தில் குவித்து வைத்த நெல். ஒரு மணியை எடுத்து நகத்தால் உரித்துப் பார்த்தார். "நல்லா முத்துன நெல்லு சார். ஒங்க வயலா, பக்கத்து வயலா?"