உங்கள் மின்னஞ்சலின் குறியீடு யாருடைய தொலைபேசிக்குப் போகிறது?

2022 ஜூன் மாதத்தில், கொழும்பில் பெற்றோல் வரிசைகள் வீதிக்கு வீதி நீண்டு கிடந்த நாட்களில், புறக்கோட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கடையின் மேல்மாடி அலுவலகத்துக்கு அவசரமாக அழைக்கப்பட்டேன். கணக்காளரின் கணினியில் அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருள் திறந்திருந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறிய பெட்டியொன்று திரையின் நடுவில் தோன்றியது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தால் மறையும், பத்து வினாடியில் மறுபடியும் வந்து நிற்கும். மூன்று நாட்களாக அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அவுட்பொக்ஸிலேயே தேங்கிக் கிடந்தன. "தம்பி, நாங்கள் பாஸ்வேர்ட்டை மாத்தவே இல்லை. அதே பாஸ்வேர்ட் போனில வேலை செய்யுது. ஆரோ உள்ளுக்கு வந்திட்டாங்களோ?" என்று முதலாளி கேட்டார்.

யாரும் உள்ளே வரவில்லை. கூகுள் நிறுவனம் அந்த ஆண்டு மே 30 முதல், பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொடுத்து அஞ்சல் பெட்டியைத் திறக்கும் பழைய செயலிகளுக்கு வழி விடுவதை நிறுத்தியிருந்தது. முன்னறிவித்தல்கள் ஜிமெயிலுக்கு வந்திருந்தன. ஆங்கிலத்தில் வந்ததால் விளம்பரம் என்று நினைத்து அழித்திருந்தார்கள். மைக்ரோசொப்ட் நிறுவனமும் இதே பாதையில்தான் சென்றது. நிறுவனங்களுக்கான எக்ஸ்சேஞ்ச் ஒன்லைன் சேவையில் 2022 ஒக்டோபர் 1 முதல் இந்தப் பழைய முறையை மூடத் தொடங்கி, ஹொட்மெயில், அவுட்லுக் டொட் கொம் போன்ற தனிநபர் கணக்குகளில் 2024 செப்டெம்பர் 16 அன்று மூடியது. இன்றும் மாதத்தில் ஓரிருவராவது இதே பெட்டியைப் படம்பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

பழைய முறையில் என்ன குறை என்று கேட்பவர்களுக்குக் கோட்டையில் உள்ள உயர்மாடி அலுவலகங்களை உதாரணமாகச் சொல்வேன். அங்கே கீழ்த்தளத்தில் அடையாள அட்டையைக் காட்டினால் ஒரு பாஸ் தருவார்கள். அது குறித்த தளத்துக்கு மட்டும், குறித்த நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும், வேண்டாமென்றால் காவலாளி திருப்பி வாங்கிக்கொள்வார். புதிய முறையும் அப்படித்தான்: நீங்கள் கூகுளின் அல்லது மைக்ரோசொப்ட்டின் சொந்தப் பக்கத்தில் உங்களை உறுதிப்படுத்துகிறீர்கள், செயலிக்குக் கிடைப்பது பாஸ் மட்டும், கடவுச்சொல்லை அது பார்ப்பதே இல்லை. பழைய முறையிலோ அவுட்லுக்குக்கும், தொலைபேசியின் அஞ்சல் செயலிக்கும், ஸ்கேன் செய்ததை நேரே மின்னஞ்சலில் அனுப்பும், மூலையில் நிற்கும் ஸ்கேனருக்கும் வீட்டுச் சாவியையே பிரதி எடுத்துக் கொடுத்திருந்தோம். அதில் ஒரு பிரதி வெளியே போனால் முழு வீடும் போனது போலத்தான், ஏனெனில் அந்த வாசலில் இரண்டாவது கேள்வியைக் கேட்க வழியே இருக்கவில்லை.

அந்த அலுவலகத்தில் இருந்தது அவுட்லுக் 2010. புதிய முறை அதற்குத் தெரியாது. ஜிமெயிலைப் பொறுத்தவரை இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: கடவுச்சொல்லுக்குப் பிறகு தொலைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாவது சான்றையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பைக் கணக்கில் இயக்கிய பின்னர், அந்த ஒரு செயலிக்கு மட்டுமென 16 எழுத்துக்கள் கொண்ட கடவுச்சொல்லொன்றைக் கூகுளிடம் பெற்றுக்கொள்ளலாம். ஒரேயொரு தடவைதான் அதைத் திரையில் காட்டும். புதிய முறையை அறியாத ஸ்கேனர்களுக்கு வேறு வழியில்லை என்பதால் அங்கு அதைப் பயன்படுத்துகிறேன். கணினிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அந்த 16 எழுத்துக்களைத் தெரிந்தவரிடம் இரண்டாம் படியை யாரும் கேட்கப் போவதில்லை. கணினியில் மென்பொருளைப் புதுப்பிப்பதே முறை. செலவைக் காட்டித் தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 2023 ஆகஸ்ட்டில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதி கப்பம் கோரும் தீம்பொருளால் தாக்கப்பட்டபோது, அங்கு இயங்கிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட்டின் ஆதரவுக் காலம் முடிந்துபோன எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற அஞ்சல் சேவையக மென்பொருள்; மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குக் காப்புப் பிரதி இல்லாததால் அவை மீளக் கிடைக்கவில்லை.

காப்புப் பிரதி என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. பெட்டி திரும்பத் திரும்பத் தோன்றும் எரிச்சலில், "கணக்கை டிலீட் செய்து திரும்பப் போட்டால் சரிவரும்" என்று யாராவது சொல்வார்கள். செய்துவிடாதீர்கள். பழைய கணினிகளில் பல ஆண்டுக் கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். இறக்கியதும் சேவையகத்திலிருந்து அழித்துவிடும்படி எப்போதோ ஒருவர் அமைத்திருப்பார். அவுட்லுக்கை மூடி, பிஎஸ்டி என்று முடியும் கோப்பைத் தேடி வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்த பிறகுதான் நான் எதையும் தொடுவேன். இரும்புக் கடையில் அந்தக் கோப்பு 11 ஜிபி இருந்தது, பிரதி எடுத்து முடியும்வரை இரண்டு பிளேன்ரீ குடித்தேன்.

உண்மையான சிக்கல் இரு படிச் சரிபார்ப்பை இயக்கியபோதுதான் வந்தது. எந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பது? ஒரே ஜிமெயிலை நான்கு பேர் பயன்படுத்தினார்கள். முதலாளியின் இலக்கத்தைக் கொடுத்தோம். இரண்டு கிழமைக்குப் பின்னர் போனபோது, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் "ஓடிபி அனுப்புங்கோ அண்ணை" என்று கணக்காளர் கேட்பதையும், துறைமுகத்தில் நின்ற முதலாளி ஆறு இலக்கங்களை அங்கேயே தட்டிவிடுவதையும் கண்டேன். பாதுகாப்புக்கென்று வைத்த படி, குறியீட்டைக் கேட்டால் கொடுக்கும் பழக்கத்தை நாலு பேருக்கும் ஊட்டிவிட்டது. நாளை கணக்காளரின் வாட்ஸ்அப்பைப் பிடித்த ஒருவன் அதே சொற்களில் கேட்டாலும் முதலாளி அனுப்பியிருப்பார். ஜிமெயிலில் ஒரு கணக்கைத் திறந்து வாசிக்கவும் பதில் எழுதவும் வேறு கணக்குகளுக்கு அதிகாரம் கொடுக்கும் வசதி இருக்கிறது; சாதாரண கணக்கில் பத்துப் பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவரும் தமது கணக்கால், தமது குறியீட்டால் நுழைவார்கள்; வேலையை விட்டுப் போகிறவரின் பெயரை நீக்கினால் போதும். இந்த ஒழுங்கைச் செய்ய அரைமணி நேரம்கூட எடுக்கவில்லை.

இத்தகைய மாற்றம் அறிவிக்கப்படும் காலத்தில் போலிக் கடிதங்களும் பெருகும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மெய்யான அறிவித்தல் ஒன்று வரவிருக்கிறது என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்கும்போது, பொய்யான அறிவித்தலுக்கு அதைவிட வசதியான மறைவு வேறில்லை. "புதிய பாதுகாப்பு விதிமுறைக்கு அமைய உங்கள் அஞ்சல் பெட்டி 24 மணி நேரத்தில் மூடப்படும், இங்கே அழுத்தி உறுதிப்படுத்துங்கள்" என்று வரும் கடிதத்தின் சின்னமும் நிறமும் அசலைப் போலவே இருக்கும். எழுத்துப் பிழையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய அறிவுரையை நான் கைவிட்டுவிட்டேன், இப்போது வரும் போலிகளில் பிழையே இருப்பதில்லை. கடிதம் மெய்யோ பொய்யோ, அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல் உலாவியில் முகவரியை நீங்களே தட்டிக் கணக்குக்குள் நுழையுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் அண்மைய பாதுகாப்புச் செயற்பாடுகள் வரிசையாக இருக்கும். புதிய நுழைவொன்றைப் பற்றிக் கூகுள் மெய்யாகவே எச்சரித்திருந்தால் அங்கும் அது தெரியும்.

போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் குறியீடு என்னிடம்தானே வரும் என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தப் பக்கம் உங்களுக்கும் உண்மைச் சேவைக்கும் நடுவில் அமர்ந்து, நீங்கள் தட்டும் குறியீட்டை அந்த நொடியே அங்கே தட்டிவிடும். அப்படித்தான் கொழும்பில் உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் பெட்டி போனது. அவர்கள் விரைவாகவே கண்டுபிடித்துக் கடவுச்சொல்லை மாற்றி, அலுவல் முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். ஒரு மாதத்தின் பின் வழமையான விநியோகஸ்தரிடமிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஒரு கடிதம். பழைய கடிதத் தொடரிலேயே, சரியான இன்வொய்ஸ் இலக்கத்துடன், சரியான தொகையுடன். வங்கி மட்டும் வேறொரு நாட்டில் இருந்தது. அங்கிருந்த பெண் எழுதுவினைஞர் ஒருவர், பதில் எழுதாமல், பழைய இன்வொய்ஸில் அச்சிட்டிருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டதால் காசு தப்பியது.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது, இன்வொய்ஸ், பேமன்ட் என்ற சொற்கள் உள்ள ஒவ்வொரு கடிதத்தையும் வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்பும் வடிகட்டி ஒன்று அமைதியாக இயங்கிக்கொண்டிருந்தது. கடவுச்சொல்லை மாற்றினால் வடிகட்டி அழியாது. ஆகவே சந்தேகம் எழுந்த கணக்கில் கடவுச்சொல்லுக்குப் பின்னர் பார்க்க வேண்டியவை வடிகட்டிகள், கடிதங்களைத் தானாக வேறிடத்துக்கு அனுப்பும் முன்னனுப்பல் முகவரி, இணைக்கப்பட்டுள்ள வெளிச் செயலிகள், நுழைந்திருக்கும் சாதனங்கள், கணக்கை மீட்பதற்கெனக் கொடுத்துள்ள மீட்பு முகவரி ஆகியன. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இப்படி மற்றவரின் பெட்டிக்குள் நுழைவது குற்றம். பொலிஸில் முறையிடலாம், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். காசு அனுப்பியாகிவிட்டது என்றால் முதல் அழைப்பு வங்கிக்குப் போக வேண்டும்.

வீடுகளில் நான் காணும் சிக்கல் வேறு வகையானது. வெள்ளவத்தையில் தனியே வசிக்கும் ஓர் அம்மா, கனடாவில் உள்ள மகனிடம் போவதற்கு விசா விண்ணப்பித்திருந்தார். பதில் வரும் மின்னஞ்சலைத் திறக்க முயன்றபோது, கடைசி இரு இலக்கங்களை மட்டும் காட்டி, அந்தத் தொலைபேசிக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று திரை கேட்டது. "இது என்ர நம்பரும் இல்லை, மகன்ர நம்பரும் இல்லை, தம்பி" என்றார். அந்தக் கணக்கைப் பல ஆண்டுகளுக்கு முன்னர் காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில், கடவுச்சீட்டு அலுவல் ஒன்றுக்காக, அங்கு வேலை செய்த பையன் திறந்து கொடுத்திருந்தான். இலக்கம் கேட்ட இடத்தில் தன்னுடையதையே போட்டிருந்தான். அவன்மீது குற்றமில்லை, அன்று அம்மாவிடம் வீட்டுத் தொலைபேசி மட்டும்தான் இருந்தது. கொழும்பிலும் வெளியூர்களிலும் இப்படித் திறக்கப்பட்ட கணக்குகள் ஏராளம். சேவை நிறுவனம் கேள்வி கேட்காதவரை அவை யாருடையவை என்ற கேள்வியே எழுவதில்லை.

கடைக்காரரைக் கேட்டுப் பையனின் வீட்டைப் பிடித்தோம். அவன் கட்டாரில் இருந்தான். சிம் தங்கையின் தொலைபேசியில் இருந்தது. அவள் குறியீட்டை வாசித்துச் சொன்னாள். அந்த சிம் பல மாதம் பயன்படாமல் கிடந்து, இலக்கம் வேறொருவருக்குப் போயிருந்தால், அம்மாவின் பெட்டிக்குரிய சாவி அவர் பெயரே அறியாத ஒருவரிடம் இருந்திருக்கும்.

பயணத்துக்கு முதல்நாள் இவற்றைத் திருத்த முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். கூகுளில் மீட்பு இலக்கத்தை மாற்றினாலும் ஏழு நாட்கள் வரை பழைய இலக்கத்துக்குக் குறியீடு பெற வாய்ப்பிருக்கிறது. கணக்கைத் திருடியவன் இலக்கத்தை மாற்றினால் உரியவர் மீட்பதற்கான அவகாசம் அது. மைக்ரோசொப்ட் கணக்கில் பழைய விபரங்கள் எதுவும் கைவசம் இல்லாமல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும், அந்த முப்பது நாளைக் குறைக்க எந்த உதவி மேசையாலும் முடியாது. விமானச் சீட்டு எடுக்கும் நாளிலேயே இதைப் பார்த்துவிடுங்கள் என்று இப்போதெல்லாம் சொல்லிவைக்கிறேன்.

அம்மாவின் கணக்கில் அவருடைய இலக்கத்தைப் போட்டு, மகனின் முகவரியை மீட்பு முகவரியாகச் சேர்த்தேன். குறுஞ்செய்தியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று, தொலைபேசியிலேயே 30 வினாடிக்கு ஒரு குறியீடு தரும் செயலியையும் வைத்தேன். இங்குள்ள சிம் ரொறன்ரோவில் உறங்கிக் கிடந்தாலும் அது வேலை செய்யும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தொலைபேசியின் திரைப்பூட்டைத் திறந்து நுழையும் பாஸ்கீ எனப்படும் முறை இவை எல்லாவற்றிலும் உறுதியானது. அது அசல் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலிப் பக்கத்தில் இயங்கவே இயங்காது. ஆனால் தொலைபேசியின் திரைப்பூட்டையே கழற்றி வைத்திருந்தவரிடம் முதல்நாளே அதைத் திணிக்க மனம் வரவில்லை. கூகுள் தரும் எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகள் பத்தையும் அச்சிட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு மட்டும் உதவும். அவற்றைப் படம்பிடித்துத் தொலைபேசியில் வைக்கப் போனார். தொலைபேசி தொலைந்தால் அல்லவா இவை தேவைப்படும் என்றதும் சிரித்துவிட்டு, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் இருந்த கவரில் மடித்து வைத்தார்.

இரும்புக் கடையிலிருந்து சென்ற மாதம் மறுபடியும் அழைப்பு வந்தது. ஸ்கேனர் கடிதம் அனுப்பவில்லையாம். முதலாளி என் பேச்சைக் கேட்டுக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். கணக்கின் கடவுச்சொல் மாறினால் செயலிகளுக்கென்று வாங்கிய 16 எழுத்துக் கடவுச்சொற்களைக் கூகுள் ரத்துச் செய்துவிடும். புதிதாக ஒன்றைப் பெற்றுப் போட்டுவிட்டு, ஸ்கேனரின் பக்கவாட்டில் ஒரு லேபல் ஒட்டினேன்: "பாஸ்வேர்ட் மாற்றினால் இதற்கும் புதிதாக எடுக்க வேண்டும்." அந்த 16 எழுத்துக்களையும் பக்கத்தில் எழுதிவிடட்டுமா என்று கணக்காளர் பேனையை எடுத்தார். பேனையை வாங்கி வைத்துக்கொண்டேன்.